வில்பர்போர்ஸும் பாராளுமன்றமும்

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்தார். அவற்றோடு அமையாது, காலமறிதல், இடனறிதல் என்னும் இரண்டனை அவற்றிற்கு முன்னரே வைத்தார். சொல்லவல்லான் ஒருவனுக்கு இத்துணையும் வேண்டுமோ என்று, முதலாண்டு வகுப்பிற் குறளைப் பாடங்கேட்டபொழுது எமக்கு ஓர் ஐயம் எழுந்ததுண்டு. ஆங்கில நாட்டு அடிமை வியாபாரத்தை ஒழித்தவரென்று உலகம் போற்றும் வில்லியம் வில்பர்போர்ஸின் சரித்திரத்தைப் படித்த பின்னர் அவ்வையம் நீங்கிற்று. அவரினும் இனிமையாகப் பேசவல்லார் அக்காலத்துக் காமன்ஸ் சபையில் ஒரு சிலரே. ஆயினும், அவ்வியாபாரத்தை எதிர்த்து அவர் அச்சபையிற் பேசத் தொடங்கிய ஆண்டு 1789. சட்டம் பிறந்த ஆண்டு 1807. இடையே பதினெட்டு ஆண்டுகள் கழிந்தது ஏன் என்பதே இங்கு நாம் காணப் புகுவது.

வில்பர்போர்ஸ் 1759-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24-ஆம் நாள், இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையை அடுத்த ஹல் என்னும் துறைமுகப் பட்டினத்தில், செல்வ வணிகர் குடியிற் பிறந்தார். அவ்வூரின் வாணிகம் பால்டிக் கடல் நாடுகளோடு நடைபெற்றது, ஆப்பிரிக்காவோடு அன்று. இதனைச் சிறு செய்தியென்று தள்ளிவிடலாகாது. லிவர்பூல் நகரத்தார் தேர்ந்தனுப்பிய அங்கத்தினர் ஒருவர் அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுந்தால், அடுத்த தேர்தலில் அவர் கதி யாதாகும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. ஹல் பட்டினத்துப் பிள்ளைக்கு அவ்வச்சம் இல்லை.

இளமையிலேயே தந்தையை இழந்தார். பாட்டனாரும் தந்தையின் உடன்பிறந்தவரும் வைத்துச் சென்ற பொருள் அனைத்தும் அவருக்கே வந்தது. கேம்பிரிட்ஜில் கற்றார் என்பதைவிட, அங்கே நண்பரோடு களித்திருந்தார் என்பதே பொருந்தும். 1780-இல், இருபத்தொரு வயது நிரம்பிய சில நாட்களுள், சொந்த ஊரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். அத்தேர்தலில் அவர் செலவிட்ட தொகை ஏறத்தாழ 8,000 பவுன். வாக்கொன்றுக்கு இரண்டு கினி கொடுப்பது அவ்வூர் வழக்கம். அதனைக் குற்றமென்று அன்று நினைத்தார் அரியர். பின்னாளில் அறத்தின் உருவாய் விளங்கிய ஒருவர் இவ்வாயில் வழியாகவே உள்ளே நுழைந்தார் என்பது நினைவிற்குரியது.

அவர் உயரம் ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்டது. உடல் மெலிந்தது; கண்பார்வை குன்றியது; 1788 முதல் வயிற்று நோய்க்கு மருந்தாக வைத்தியர் கொடுத்த அபினியை இறுதிவரை சிறு அளவில் உட்கொண்டு வந்தார். இத்தகைய உடலினின்று எழுந்த குரல் மட்டும் கேட்டாரைப் பிணித்தது. 1784-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், யார்க் நகரக் கோட்டை வெளியில், குளிர்காற்று வீச, மேசையொன்றின்மீது நின்று அவர் நிகழ்த்திய சொற்பொழிவு அவரை ஒரே நாளில் உயர்த்திற்று. அவ்வாண்டே யார்க்ஷயர் முழுமைக்கும் பிரதிநிதியானார். ஏறத்தாழ 20,000 வாக்காளரைக் கொண்ட அத்தொகுதி இங்கிலாந்திலேயே மிகப் பெரியது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு. அவர் உயிர்த்தோழராகிய வில்லியம் பிட் அதே வயதில் முதல் மந்திரியாய் அமர்ந்திருந்தார்.

இந்நிலையில் அவர் அரசியலையே துறக்க எண்ணினார் என்பது வியப்பு. 1785-இல் அவர் உள்ளத்தில் ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. விருந்தும் சூதாட்டமுமாய்க் கழிந்த நாட்களை எண்ணி வருந்தி, திருமறையை ஆழ்ந்து கற்று, உலக வாழ்வை விட்டுக் குருத்துவப் பணியிற் புகலாமோ என்று தயங்கினார். ஜான் நியூட்டன் என்னும் முதிய குருவை ஒருவரும் அறியாவண்ணம் சென்று கண்டார். இந்நியூட்டன் முன்னர் அடிமைக் கப்பலின் தலைவராய் இருந்தவர். அவர் வில்பர்போர்ஸைச் சபையை விட்டு நீங்கவேண்டாம் என்று தடுத்தார். பிட்டும் அதனையே எழுதினார். துறவு பூண நினைத்தவர் இருந்த இடத்திலேயே இருக்கலானார்.

1787-ஆம் ஆண்டு மே மாதத்தில், பிட்டின் தோட்டத்திலிருந்த முதிய கருவாலி மரமொன்றின் அடியில் மூவர் அமர்ந்து உரையாடினர். பிட் ஒருவர், வில்பர்போர்ஸ் ஒருவர், பிட்டின் உறவினராகிய கிரென்வில் மற்றொருவர். மூவரும் 1759-ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். அடிமை வியாபாரத்தைக் குறித்துச் சபையில் பிரேரணை கொண்டுவரும் பொறுப்பை வில்பர்போர்ஸ் ஏற்கவேண்டும் என்று பிட் அங்கே வற்புறுத்தினார். கிரென்வில் கேட்டுக்கொண்டிருந்தார். இம்மூன்றாம் மனிதரை வாசகர் மறவாதிருத்தல் நலம். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் திரும்பி வருவார்.

அவ்வியாபாரத்தின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். ஆங்கிலக் கப்பல்கள் துணியும் துப்பாக்கியும் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்லும்; அங்கே மனிதரை விலைக்கு வாங்கிச் சங்கிலியிட்டு மேற்கிந்தியத் தீவுகளிற் கொண்டுபோய் விற்கும்; சர்க்கரையோடு ஊர் திரும்பும். அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40,000 ஆப்பிரிக்கர் ஆங்கிலக் கப்பல்களில் இவ்வாறு ஏற்றப்பட்டனர். 'புரூக்ஸ்' என்னும் கப்பலில் நானூற்றுக்கு மேற்பட்ட மனிதர் அடுக்கி வைத்த பலகைகளைப்போற் கிடத்தப்பட்ட முறையைக் காட்டும் படம் 1789-இல் நாடெங்கும் பரவிற்று. அதனை இன்றும் சரித்திர நூல்களிற் காணலாம்.

இச்செய்திகளைத் திரட்டியவர் வில்பர்போர்ஸ் அல்லர். தாமஸ் கிளார்க்ஸன் என்னும் இளைஞர் துறைமுகந்தோறும் குதிரையிற் சென்று, மாலுமிகளை விசாரித்து, கைவிலங்கும் கால்விலங்கும் விலைக்கு வாங்கிவந்து சான்று சேர்த்தார். அடிமையாயிருந்து தம்மைத் தாமே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட எக்வியானோ 1789-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டு ஊர் ஊராய்ச் சென்று பேசினார். 1787-இல் லண்டனில் அமைந்த கமிட்டியின் பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கர் என்னும் சமயத்தார். குவேக்கர் பாராளுமன்றத்தில் அமர இயலாதவர். ஆகவே உள்ளே நின்று பேச ஒருவர் வேண்டியிருந்தது. அந்த ஒருவரே வில்பர்போர்ஸ்.

1789-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் அவர் எழுந்து மூன்றரை மணி நேரம் பேசினார். எவரையும் தூற்றவில்லை, குற்றம் நம் எல்லோருடையதும் என்றே வாதித்தார். பன்னிரண்டு தீர்மானங்களை முன்வைத்தார். சபை உருகியது. உருகிய சபை என் செய்தது? வணிகர்தம் பக்கத்துச் சான்றுகளையும் கேட்டே முடிவு செய்தல் முறை என்றது. நியாயமான வார்த்தை! அச்சான்றுகளைக் கேட்பதிலேயே இரண்டாண்டு கழிந்தது. 1791-இல் வாக்கெடுத்தபொழுது ஆதரித்தவர் 88, எதிர்த்தவர் 163.

மறு ஆண்டில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 519 மகஜர்கள் வந்து குவிந்தன. அதுவரை எந்தப் பொருள் குறித்தும் இத்துணை மகஜர்கள் ஒருங்கே வந்ததில்லை. ஏப்ரல் மாதத்தில் விடியுமட்டும் விவாதம் நடந்தது. பிட் அன்று விடியற்பொழுதில் ஆற்றிய பேச்சு அவர் வாழ்நாளிலேயே சிறந்ததென்பர். ஆனால் டண்டாஸ் என்னும் மந்திரி எழுந்து ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கவேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். வியாபாரத்தை ஒழிக்கவேண்டியதே, ஆயின் 'படிப்படியாக' ஒழிக்கவேண்டும் என்பது அது. 230 பேர் ஆதரிக்க, 85 பேர் எதிர்க்க, படிப்படியாக ஒழிக்கும் அத்தீர்மானம் நிறைவேறிற்று. நம் கல்லூரித் தர்க்க சபையிற் பயின்றார் எவரும் இவ்வித்தையை அறிவர்: எதிர்க்க முடியாத தீர்மானத்தை எதிர்க்காதே, அதற்கு ஓர் அடைமொழி சேர்த்துவிடு! 1796-ஆம் ஆண்டோடு வியாபாரம் நிற்கும் என்று காமன்ஸ் சபை நாள் குறித்தது. பிரபுக்கள் சபையோ, சான்றுகளைத் தாமும் கேட்கவேண்டும் என்று சொல்லி அதனைக் கிடப்பிற் போட்டது. அரசர் மைந்தராகிய கிளாரன்ஸ் கோமகன் அச்சபையில் வியாபாரத்திற்காகப் பரிந்து பேசிவந்தார்.

இங்கே ஒன்றை உணர்தல் வேண்டும். முதல் மந்திரி நண்பர். எதிர்க்கட்சித் தலைவராகிய பாக்ஸும் இவ்வொரு பொருளில் அவர்க்குத் துணை. இருந்தும் காரியம் ஆகவில்லை. ஏனெனில் இம்மசோதா அரசாங்கத்தின் மசோதா அன்று. தனி அங்கத்தினர் ஒருவரின் மசோதா. மந்திரி சபைக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருந்தமையால் பிட் அதனை அரசாங்கக் கொள்கையாக ஆக்க இயலவில்லை, அல்லது துணியவில்லை. மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கும் அதில் விருப்பமில்லை. மந்திரி சபையின் கட்டளைக்குப் பணிந்து வாக்களிப்பவர் பலர் அன்று சபையில் இருந்தனர்; இப்பொருளிலோ கட்டளையே பிறக்கவில்லை. ஆதலால் அவரவர் விருப்பமே அவரவர்க்குச் சட்டம். தனி மனிதனின் நாவன்மை ஓர் இரவு நூறு பேரை உருக்கலாம். மறுநாள் அவர்களைச் சபைக்கு வரச் செய்ய நாவன்மையால் ஆவதில்லை.

1796-இல் இது கண்கூடாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின் அச்சம், 1791-இல் ஹெய்ட்டித் தீவில் அடிமைகள் எழுந்த கலகம், 1793-இல் மூண்ட போர் ஆகியவற்றால் சீர்திருத்தம் என்ற சொல்லே ராஜத்துரோகம் போல் ஒலித்த காலம் அது. ஆயினும் வில்பர்போர்ஸின் மசோதா மூன்றாம் வாசிப்புவரை வந்துவிட்டது. ஆதரவு 70, எதிர்ப்பு 74. நான்கு வாக்குகளால் தோல்வி. அன்றிரவு நகரில் புதிய இத்தாலிய இசை நாடகம் ஒன்று அரங்கேறியது. மசோதாவை ஆதரிப்பவர்களிற் சிலர் அதனைக் காணச் சென்றிருந்தனர். வேறு சிலர் ஊருக்குப் போயிருந்தனர். வில்பர்போர்ஸ் அத்துயரத்தால் நோயுற்றுப் படுத்தார். எதிர்ப்பாரின் வன்மையால் தோற்றிருந்தாலும் ஆற்றியிருப்பார். நண்பரின் சோம்பலால் தோற்றதை எவ்வாறு ஆற்றுவது?

அதன்பின் சில ஆண்டுகள் வறண்ட ஆண்டுகள். 1797-இல் திருமணம் செய்துகொண்டார்; சமய நூலொன்று எழுதிப் புகழ் பெற்றார். 1801-இல் அயர்லாந்தின் பிரதிநிதிகள் நூற்றுவர் காமன்ஸ் சபையிற் புதிதாகச் சேர்ந்தனர். அவருட் பலர் அவர்க்குத் துணையாயினர். 1804-இல் மசோதா காமன்ஸ் சபையைக் கடந்தது; பிரபுக்கள் சபை தள்ளிவைத்தது. 1805-இல் காமன்ஸ் சபையிலேயே ஏழு வாக்குகளால் மீண்டும் தோற்றது.

ஸ்டீபன் என்பவர் வில்பர்போர்ஸின் சகோதரியை மணந்தவர். கடற்போர்ச் சட்டங்களில் வல்ல வழக்கறிஞர். கோட்டையின் முன்வாயிலை மோதிப் பயனில்லை என்று கண்ட அவர் பக்கத்துச் சிறு வாயிலைக் காட்டினார். பகைநாட்டுக் குடியேற்றங்களுக்கும் போரிற் கைப்பற்றிய நாடுகளுக்கும் ஆங்கிலேயர் அடிமைகளைக் கொண்டுசெல்லுதல் கூடாது என்று சட்டம் செய்தால், அது போர்க்கால நடவடிக்கையாகவே தோன்றும். நாட்டுப்பற்றுடையார் எவரும் எதிர்க்கமாட்டார். ஆனால் வியாபாரத்தின் பெரும்பகுதி அதனோடு அற்றுவிடும். 1806 ஜனவரியில் பிட் இறந்தார். முதல் மந்திரியாய் வந்தவர் கருவாலி மரத்தடியில் அமர்ந்திருந்த அந்தக் கிரென்வில். பாக்ஸ் அவரோடு மந்திரியானார். அவ்வாண்டு மே மாதத்தில், அரசாங்கத்தின் அட்டர்னி ஜெனரல் கொண்டுவந்த மசோதாவாக, ஸ்டீபனின் யோசனை ஆரவாரமின்றி நிறைவேறிற்று. அப்பொழுது வில்பர்போர்ஸ் செய்த தொண்டு யாது? வாய் திறவாது அமர்ந்திருந்தார்! தாம் எழுந்து பேசினால் இது அடிமை வியாபாரத்தைப் பற்றியது என்பதை எதிரிகள் உணர்ந்துவிடுவர் என்று அஞ்சினார். நாவினாற் பெயர் பெற்றவர் நாவடக்கத்தால் வென்ற இவ்விடமே அவர் சரித்திரத்தில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி. அவையறிதல் என்பது இதுவன்றோ!

1806 செப்டம்பரிற் பாக்ஸும் மறைந்தார். கிரென்வில் தளரவில்லை. இதுகாறும் மசோதா காமன்ஸ் சபையில் தொடங்கிப் பிரபுக்கள் சபையில் மடிந்து வந்தது. அவர் அம்முறையை மாற்றினார். 1807 ஜனவரியில், முதல் மந்திரியாகிய தாமே, பிரபுக்கள் சபையிலேயே அதனை முதலிற் கொணர்ந்து நிறைவேற்றிக் கீழே அனுப்பினார். பிப்ரவரி 23-ஆம் நாள் காமன்ஸ் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 283, எதிர்ப்பு 16. சொலிசிட்டர் ஜெனரல் ராமிலி, அன்றிரவு நெப்போலியன் அடையும் உறக்கத்தையும் வில்பர்போர்ஸ் அடையும் உறக்கத்தையும் ஒப்பிட்டுப் பேசியபொழுது, சபையோர் ஆரவாரிக்க, அவர் தலை கவிழ்ந்து கண்ணீர் விட்டார். மார்ச்சு 25-ஆம் நாள் மன்னர் ஒப்புதல் கிடைத்தது. அதே நாளில், கத்தோலிக்கர் உரிமை பற்றிய பூசலால், கிரென்வில் மந்திரி சபை பதவி துறந்தது. கதவு திறந்திருந்த காலம் ஓராண்டுக்குச் சற்று மேல். அதற்குள் நுழைந்தார்கள்.

எனின், வில்பர்போர்ஸ் இன்றியே கிரென்வில் இதனைச் செய்திருப்பாரோ? எம் கருத்து, செய்திரார் என்பதே. ஆண்டுதோறும் தோற்று ஆண்டுதோறும் மசோதாவைக் கொண்டுவந்த ஒருவர் இல்லையேல், அப்பொருள் சபையின் நினைவிலிருந்தே அகன்றிருக்கும். அவர் ஒருபொழுதும் மந்திரி பதவி ஏற்றாரல்லர். கட்சி எதற்கும் முற்றும் அடிமைப்பட்டாரல்லர். ஆதலால் பிட்டின் ஆட்சியிலும் கிரென்வில் ஆட்சியிலும் ஒருங்கே நம்பப்பட்டார். அதே பதவியின்மையே பதினெட்டு ஆண்டுத் தாமதத்திற்கும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

அவர் எல்லாவற்றிலும் ஏழை பங்காளர் என்று எழுதினால் உண்மைக்கு மாறாகும். தம் நாட்டுத் தொழிலாளர் கூலி உயர்வுக்காகக் கூடுதலைத் தடுத்த 1799-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அவர் துணை நின்றார். விசாரணையின்றிச் சிறையிடாமைக் காக்கும் உரிமையை அரசாங்கம் நிறுத்திவைத்தபொழுதும் ஆதரித்தார். கடலுக்கு அப்பால் கண்ட கண் வீட்டு வாயிலிற் காணாதது ஏன் என்று அக்காலத்தவரே கேட்டனர். அவர் அன்பர் எழுதிய சரித்திரங்களில் இதற்கு நேரிய விடை எமக்குக் கிடைத்திலது.

இந்திய நாட்டோடு அவர்க்குள்ள தொடர்பைக் கூறாது விடுதல் நம் கல்லூரி மலருக்கு அழகன்று. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளில் மிஷனெரிமார் தடையின்றிப் புக இசைந்ததில்லை. தரங்கம்பாடியில் 1706 முதல் பணி நடந்தது டேனிய அரசரின் ஆதரவால். 1793-இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபொழுது வில்பர்போர்ஸ் இத்தடையை நீக்க முயன்று தோற்றார். இருபதாண்டு காத்திருந்தார், சாசனம் மீண்டும் வரும் 1813-க்கு, முன்னைப் போரிற் கற்ற முறையிலேயே நாடெங்கும் மகஜர்களைத் திரட்டினார். எண்ணூற்றுக்கு மேல் வந்தன. மிஷனெரிமார் உத்தரவு பெற்று வரலாம் என்னும் விதியும், கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்கவேண்டும் என்னும் விதியும் அச்சாசனத்தில் இடம் பெற்றன. நாம் அமர்ந்து கற்கும் இத்தகைய கல்லூரிகள் இந்நாட்டில் எழுவதற்கு வழி திறந்தவற்றுள் அது ஒன்று. இந்து சமயத்தைப் பற்றி அப்பொழுது அவர் சபையிற் கூறியவை பல, அறியாமையாற் கூறியவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுதல் நேர்மை.

உடல் தளர்ந்தமையால் 1812-இல் யார்க்ஷயரை விட்டு, பிராம்பர் என்னும் சிற்றூரின் பிரதிநிதியானார். உறவினர் ஒருவரின் கைக்கடங்கிய ஊர் அது. வாக்காளர் விரலால் எண்ணத்தக்க சிலரே. 1825-இல் சபையை விட்டு விலகினார். அடிமை வியாபாரம் ஒழிந்ததேயன்றி அடிமைத்தனம் ஒழியவில்லை. அப்போரைப் பக்ஸ்டன் என்பவர் ஏற்று நடத்தினார். 1831-ஆம் ஆண்டு இறுதியில் ஜமெய்க்கா அடிமைகள் பெருங்கிளர்ச்சி செய்தனர். மறு ஆண்டில் தேர்தற் சீர்திருத்தச் சட்டம் பிறந்து, பிராம்பர் போன்ற தொகுதிகளைத் துடைத்தெறிந்தது. மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகள் அத்தகைய ஊர்களை விலைக்கு வாங்கியே சபையில் அமர்ந்திருந்தனர். அவ்விருக்கைகள் இப்பொழுது பறிபோயின. புதிய சபையில் அடிமைத்தன ஒழிப்பு மசோதா நிறைவேறுவது 1833 ஜூலை 26-ஆம் நாள் உறுதியாயிற்று. செய்தி நோய்ப் படுக்கையில் வில்பர்போர்ஸுக்கு எட்டியது. மூன்று நாட்களுக்குப் பின், 29-ஆம் நாள் விடியற்காலையில் அவர் உயிர் நீங்கிற்று. இரு சபையினரும் வேண்டிக்கொள்ள, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நண்பர் பிட்டின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மசோதாவிற்கு ஒப்புதல் அளித்த மன்னர் நான்காம் வில்லியம். முன்னாளில் கிளாரன்ஸ் கோமகன் என்னும் பெயரோடு அடிமை வியாபாரத்திற்காக வாதாடியவர் அவரே. எசமானர்க்கு இரண்டு கோடிப் பவுன் நஷ்ட ஈடு கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு லட்சம் அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. 1838 வரை அவருட் பெரும்பாலோர் 'தொழில் பயில்வோர்' என்னும் பெயரில் பழைய எசமானர்க்கே உழைக்க நேர்ந்தது. சட்டத்தின் ஒரு பிரிவு கிழக்கிந்தியக் கம்பெனியின் நாடுகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. நம் தமிழ்நாட்டு வயல்களில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளின்மீது எசமானர்க்கிருந்த உரிமையை நீதிமன்றங்கள் ஏற்றல் கூடாது என்று இந்திய அரசாங்கம் சட்டம் செய்தது, அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1843-இல்.